அப்பிள் தின்றவனின் அன்னாசி

அப்பிள் தின்று அன்னாசியைக் கெடுத்த மடையன் ஒஸ்லோவில் நான் ஒருவன்தான். இன்று கடையில் பழுத்த அப்பிள் மணத்ததும், நினைவில், சின்ன வயதில் ஹவுகன்ஸ்டுவா அடுக்குமாடியில் இருந்த எங்கள் கண்ணாடி அடைத்த பல்கணிக்கே போய்விட்டேன்; அதை இப்போது இடித்துவிட்டார்கள். வெளியே பனி கொட்டும், உள்ளே ஈரமண் மணக்கும், அப்பா வேலையால் வந்த சப்பாத்தோடு குந்தி, அன்னாசியின் முள்ளிலைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பார். பழுத்த அப்பிளோடு சேர்த்து மூடினால் செடி பூக்குமென்று, கிழமைக்கு ஒன்றை வைத்துப் பொலித்தீன் பையால் கட்டுவார். நான் அதைத் தின்றுவிட்டு, என் சிவப்புக் கம்பளித் தொப்பியைச் சுருட்டி வைப்பேன். அப்பா மங்கிய பைக்கூடாக அதைப் பார்த்து, அப்பிளென்றே நினைத்துத் திருப்தியாகத் தலையாட்டுவார். செடி பூக்கவேயில்லை. அப்பா இறந்து மூன்று வருடம். கடை வாசலில் நின்றே அம்மாவுக்கு அழைத்து, “அந்த அப்பிளெல்லாம் நான்தான் திண்டனான், அம்மா” என்றேன்.

“கொப்பர் சாகுமட்டும், அது பூக்காததுக்குக் குளிரைத்தான் திட்டினவர்.”