பெரிய கேமராவும் ஒரு வெள்ளோட்டமும்

மேகாலயாவுக்குப் போவதென்று முடிவான நாளிலிருந்து எங்கள் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் கேமராவைப் பற்றியதுதான்.

கல்யாணமான பிறகு நாங்கள் இருவர் மட்டுமாக எந்த ஊருக்கும் போனதில்லை. போனதெல்லாம் குடும்பத்தோடு கோயிலுக்கு, இல்லையென்றால் யாராவது வீட்டு விசேஷத்துக்கு. மகள் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து வீடு காலியானதும், ஒரு சாயங்காலம் கணவர் பனியனோடு வாசலில் நின்றபடி, "மழை பெய்யிற ஊருக்குப் போவமா?" என்று கேட்டார். அப்போது காரைக்காலில் வெயில் தார்ரோட்டை இளக்கிக்கொண்டிருந்தது. நான் யோசிக்கவே இல்லை. "போவம்" என்றேன். டிக்கெட் எடுத்தாயிற்று. எந்த ஊரில் தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதிலெல்லாம் எங்களுக்குள் ஒரு வார்த்தை வரவில்லை. கேமராவில்தான் மாட்டிக்கொண்டோம்.

அவரிடம் ஒரு பெரிய கேமரா இருக்கிறது. கல்லூரி வேதியியல் லேபில் வேலை பார்க்கும் மனிதருக்கு எப்படியோ பறவை படம் எடுக்கும் ஆசை வந்து வாங்கியது. நீளமான லென்ஸ், குட்டையான லென்ஸ், சார்ஜர், துடைக்கிற துணி எல்லாம் சேர்ந்து தனிப் பை. அந்தப் பையைத் தூக்கினால் தூங்குகிற குழந்தையைத் தூக்கின கனம். அவருக்கோ இடுப்பு வலி. குனிந்து செருப்பு மாட்டவே சுவரைப் பிடிப்பார்.

சின்ன கேமரா, நாங்கள் லாத்தா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவுடையது. அவருடைய தம்பி துபாயிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. உள்ளங்கைக்குள் அடங்கும். பட்டனை அழுத்தினால் ஆமை தலையை நீட்டுவதுபோல மூக்கை நீட்டும். "எடுத்துட்டுப் போ தங்கச்சி, அலமாரில சும்மாத்தான் கெடக்கு" என்று லாத்தா சொன்னதிலிருந்து நான் சின்ன கேமரா கட்சி.

"அருவிய இதுல எடுத்தா குழாய்த் தண்ணி மாதிரி இருக்கும்" என்றார் அவர்.

"அத தூக்கிட்டு நீங்க அருவி வரைக்கும் வந்து சேரணுமே, மொதல்ல."

மகளுக்குப் போன் செய்து நியாயம் கேட்டோம். "ரெண்டும் எதுக்கு? போன்ல எடுத்தா போதாதா?" என்றாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நாங்கள் இருவரும் ஒரே கட்சியாகி அவளைத் திட்டிவிட்டுப் போனை வைத்தோம்.

ஒன்றுதான் கொண்டுபோவது என்பதில் இருவருமே பிடிவாதமாக இருந்தோம். இரண்டு இருந்தால் இரண்டையும் நான்தான் சுமக்க வேண்டிவரும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் லாத்தாதான் வழி சொன்னார். "ஒரு நாளு ரெண்டையும் தூக்கிட்டு நம்ம ஊரையே சுத்திட்டு வாங்க. சாயங்காலம் எங்க வீட்டு டிவில போட்டுப் பாத்து நான் சொல்றேன், எது நல்லதுன்னு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கோவில்பத்து வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பினோம். அவர் ஓட்டினார். பெரிய கேமராப் பை என் முதுகில். சோதனை ஆரம்பிக்கும் முன்பே எனக்குத் தோள் வலித்தது, அதைச் சத்தமாகச் சொல்லவும் செய்தேன். அவர் காதில் விழாததுபோல விசிலடித்துக்கொண்டு வந்தார்.

கிளிஞ்சல்மேட்டில் படகுகள் கரை சேருகிற நேரம். காக்கைகள், ஐஸ் பெட்டிகள், கூடைகள், ஏலம் விடுகிற குரல்கள். அவர் பெரிய கேமராவை வெளியே எடுத்து நீள லென்ஸை மாட்டினார். நாங்கள் நினைத்தது, ஓரமாக நின்று நாலு படம் எடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று. லென்ஸை மாட்டித் தலையை நிமிர்த்துவதற்குள் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

"எந்த டிவி சார்?"

"டிவி இல்லைங்க. நான் காலேஜ் லேப்ல இருக்கேன்."

"காலேஜ் டிவியா? இன்னைக்கே போட்டுருவீங்களா?"

ஒரு பெண் ஆளுயர வஞ்சிரத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே வந்து நின்றார். இன்னொருவர் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, "இருங்க சார், இருங்க" என்று கூடையை நேராக வைத்தார். இவர் ஒரு படம் எடுக்க, நீள லென்ஸில் வஞ்சிரத்தின் கண் மட்டும்தான் விழுந்தது. பின்னால் நகர்ந்தார். கூட்டமும் முன்னால் நகர்ந்தது. திரும்பவும் பின்னால் நகர்ந்து ஒரு ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தே விட்டார். நான் சின்ன கேமராவை வைத்துக்கொண்டு தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் கட்சி ஜெயித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அப்போதுதான் அந்த அக்கா வந்தார். நல்ல ஆகிருதி, மஞ்சள் பூசிய முகம், பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகியிருந்தார். அவருடைய தம்பி புதுசாக பைபர் படகு வாங்கியிருக்கிறாராம். அன்றைக்குத்தான் வெள்ளோட்டம். கொஞ்ச தூரத்தில் படகு நின்றது. நீலமும் வெள்ளையுமாகப் புதுப் பெயின்ட், முகப்பில் மாலை, மாவிலை, சந்தனம். எவனோ மாலைக்கு நடுவில் ரோஸ் நிறப் பலூன்களைக் கட்டிவைத்திருந்தான்.

"சார், நீங்க ஏறுங்க. தண்ணிக்குள்ள போறத எடுக்கணும்" என்று அந்த அக்கா அவர் கையைப் பிடித்தார்.

இவர் முகம் வெளுத்தது. படகில் ஏறப் பயமில்லை. உப்புத் தண்ணீர் கேமராவில் பட்டுவிட்டால்? ஒருபக்கம் இடுப்பு வேறு. "இந்தாங்க, சின்னத வச்சு எடுக்கிறேங்க" என்று என் கையிலிருந்ததை வாங்கிக் காட்டினார்.

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சார், நாங்க படகு வாங்கியிருக்கோம், நீங்க சோப்பு டப்பாவ காட்டுறீங்க?"

சுற்றிலும் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, என்ன நினைத்தேனோ, "குடுங்க, நான் போறேன்" என்று அவர் கழுத்திலிருந்து பெரிய கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

இதை இங்கே சொல்லியாக வேண்டும். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் வாழ்ந்தும் நான் கடலில் இறங்கியதில்லை. சுனாமிக்குப் பிறகு கடற்கரைக்குப் போனாலும் ஈர மணல் தொடங்குகிற இடத்தோடு நின்றுவிடுவேன். மகள் சின்ன வயதில் காலை நனைக்கக் கூப்பிட்டால்கூட, "நீயும் அப்பாவும் போங்க, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்பேன். அது அவருக்கும் தெரியும். அதனால்தான் வாயைத் திறந்தபடி நின்றார்.

"நீயா?"

"நான்தான். லென்ஸ மாத்திக் குடுங்க, இது மீன் கண்ணத்தான் எடுக்குது."

அவர் குட்டை லென்ஸை மாட்டினார். "இந்தப் பட்டன மட்டும் அமுக்கு. வேற எதையும் தொடாத. இத மட்டும்" என்று நாலைந்து தடவை சொன்னார். யாரோ ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை எனக்கு மாட்டிவிட்டார்கள். கேமரா, மிதவைச் சட்டை, துப்பட்டா எல்லாம் சேர்ந்து நான் திருவிழா பொம்மை மாதிரி ஆகிவிட்டேன். பூசணிக்காயை உடைத்தார்கள். எல்லாருமாகப் படகைத் தள்ளினார்கள். "ஏறுங்கம்மா, நிக்காதீங்க, அலை வருது!" அந்த அக்கா மேலேயிருந்து என் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. உள்ளே விழுந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். விழும்போதும் கேமராவை நெஞ்சோடு அணைத்திருந்தேன்.

இன்ஜின் உறுமியது. முதல் அலையில் படகின் மூக்கு வானத்தைப் பார்த்து எழுந்தது. நான் அலறினேன். அந்த அக்காவும் அலறினார். படகு அலையிலிருந்து தொப்பென்று இறங்கி, ஒரு குடம் தண்ணீர் எங்கள் இருவர் தலையிலும் கொட்டியது. அக்கா என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நிறுத்தவே முடியாத சிரிப்பு. பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறவள் நான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அன்றைக்கு என்னைப் பார்த்திருந்தால் அதற்குப் பிறகு ஒரு நாளும் பயந்திருக்க மாட்டார்கள்.

"எடு, எடு! சிரிச்சுக்கிட்டே நிக்காத, எடு!" என்று அக்கா அதட்டினார். "ங்க" எல்லாம் முதல் அலையிலேயே போய்விட்டது. "தம்பி இன்ஜின் புடிச்சிருக்கான் பாரு, அவன எடு. அவன் பொண்டாட்டி பூ போடுறா பாரு, அத எடு. என்னைய எடு!"

எடுத்தேன். அமுக்கச் சொன்ன பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தேன். அது தடதடவென்று தையல் மிஷின்போலச் சத்தம் போட்டது. என்ன விழுகிறதென்று பார்க்கவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அலை உடைகிற இடத்தைத் தாண்டியதும் கடல் சட்டென்று அடங்கித் தொட்டில்போல ஆட்டியது. திரும்பிப் பார்த்தேன். கலங்கரை விளக்கம் சாக்பீஸ் துண்டுபோல நின்றது. ஊர் முழுவதும் ஒரு கோடு. நான் இத்தனை நாள் நின்ற ஈர மணல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பயந்துகொண்டிருக்கிறேனா என்று ஒரு நிமிஷம் உள்ளே தேடிப் பார்த்தேன். பயம் இருந்தது. ஆனால் அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. "இந்தப் பக்கம் எடு" என்று அக்கா தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்து இறங்கியபோது கால் தரையில் நிற்கவில்லை, மணலும் ஆடியது. கணவர் ஓடி வந்தார். "பரவாயில்லையா?" என்று கேட்டபடி கையை நீட்டியது கேமராவுக்கா, எனக்கா என்று தெரியவில்லை. முதலில் என் கையைத்தான் பிடித்தார். பிறகுதான் கேமராவைத் துடைத்தார்.

சாயங்காலம் லாத்தா வீட்டில் இஞ்சி டீயோடும் சமோசாவோடும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். பெரிய கேமராவில் நான் எடுத்ததில் பாதி வெறும் வானம். மீதியில் யாருடையதோ முழங்கை, பலூன், என் விரல். லாத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். திடீரென்று ஒரு படம் வந்தது. அந்த அக்கா இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறார், பின்னால் அவர் தம்பி இன்ஜினைப் பிடித்தபடி சிரிக்கிறார், அவர்களுக்கும் எனக்கும் நடுவே கடல் தண்ணீர் துளித்துளியாகக் காற்றில் நிற்கிறது. ஒவ்வொரு துளியையும் எண்ணலாம்போல இருந்தது. கரை மட்டும் சாய்ந்து கிடந்தது.

"மாஷா அல்லாஹ்" என்றார் லாத்தா.

பிறகு சின்ன கேமரா, கரையில் நின்றபடி கணவர் எடுத்தது. முதலில் ஒரு நீலப் புள்ளி. அடுத்து, மூக்கை முழுசாக நீட்டி எடுத்தது. ஈரத்தில் முடி முகத்தில் ஒட்டி, வாயெல்லாம் பல்லாக, ஆரஞ்சு சட்டையில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். "அல்லாஹ்வே, இது நீயா தங்கச்சி?" என்று லாத்தா எழுந்தே நின்றுவிட்டார். எனக்கும் அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"சின்னதையே கொண்டு போவம்" என்றார் கணவர் மெதுவாக. "பெருசு கையில இருந்தா லென்ஸ மாத்திக்கிட்டே இருந்துருப்பேன். இதுல உன்னப் பாத்துக்கிட்டே எடுத்தேன்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் விடவில்லை. "முடியாது, பெருசுதான். சோப்பு டப்பாவ வச்சுக்கிட்டு நின்னப்ப என்னை யாராவது கூப்பிட்டாங்களா? அது கழுத்துல இருந்ததாலதான் நான் கடலுக்கே போனேன்."

"இடுப்பு வலிக்குதுன்னு நீதான சொன்ன?"

"அது உங்க இடுப்பு. நான் தூக்குறேன்."

லாத்தா சிரித்துச் சிரித்து முக்காட்டின் நுனியால் கண்ணைத் துடைத்தார். "நேத்து வரைக்கும் நீ சின்னது சின்னதுன்ன, தம்பி பெருசு பெருசுன்னாரு. இன்னைக்கு அப்படியே மாறிட்டீங்க. எங்கிட்ட என்ன கேக்குறீங்க? யாரு தூக்குறாளோ அவ சொல்றதுதான்."

பந்தயம்போல அன்று ராத்திரி தோசை வார்க்கும்போதும் பெரிய கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றவில்லை. "மாவு தெறிக்கும், மாவு தெறிக்கும்" என்று அவர் அடுப்படி வாசலிலேயே நின்றார். ஒரு தோசை கருகியது. கழுத்து நிஜமாகவே வலித்தது. சொல்லவில்லை.

மேகாலயாவுக்குக் கிளம்புவதற்கு முன்பு, அக்கா கைகளைத் தூக்கியிருந்த அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, சட்டம் மாட்டி, கிளிஞ்சல்மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அக்கா அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு தெருவில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டார். இவரைப் பார்த்து, "சார் யாரு, உங்க கூட வந்தவரா?" என்று என்னிடம் கேட்டார். அவர் பணிவாக, "ஆமாங்க, கூட வந்தவன்தான்" என்றார். ஒரு பை நிறைய இறால் கொடுத்து அனுப்பினார்கள்.

சிரபுஞ்சியில் நாங்கள் போய் நின்ற இடத்தில் மூடுபனி. எதிரே பெரிய அருவி என்றார்கள். சத்தம் மட்டும் கேட்டது. வெள்ளைத் துணியை மாட்டிவிட்டதுபோல எல்லாப் பக்கமும் ஒரே வெள்ளை. பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடச் சரியாகத் தெரியவில்லை. நான் கேமராவைத் தூக்கிப் பிடித்திருந்தேன். அவர் என் தலை நனைவதை விட்டுவிட்டு லென்ஸ் நனையாமல் குடை பிடித்துக்கொண்டிருந்தார். எங்கிருந்தோ வந்த கல்லூரிப் பெண்கள் கூட்டம் என் கழுத்தில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, இந்தியில் ஏதோ சொல்லி என் முன்னால் வரிசையாக நின்றது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

"ஒண்ணுமே விழாதுடி, வெறும் வெள்ளையாத்தான் வரும்" என்றார் அவர்.

"வந்தா வரட்டும், குடைய நேரா புடிங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டனை அமுக்கினேன்.