இழுவையும் இழுப்பும்

சித்திரபுரம் செல்லத்துரை காலமான செய்தியைக் கைபேசியில் அழைத்துச் சொன்னவர் எங்கள் ஊர்த் தேங்காய் வியாபாரி நாச்சிமுத்து. காலையில் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். சொல்லிவிட்டு நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார்.

"ஏனுங்க, இனிமேல் வண்டி மலை ஏறலீன்னா ஆருகிட்டப் போறதுங்க?"

கொழிஞ்சாம்பாறையில் பல வருடங்களாக டீசல் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? செல்லத்துரை உயிரோடு இருந்தபோதும் எனக்கு நடந்தது இதுதான். அவர் நின்ற இடத்தில் மற்றவர்கள் கண்ணில் படமாட்டார்கள்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாலிடெக்னிக்கில் நாங்கள் ஒரே பெஞ்சு. நான் முதல் வகுப்பில் தேறினேன். அவர் இரண்டு பாடங்களைத் திரும்ப எழுதித் தேறினார். பிரிவு உபசார விழாவில் ஆசிரியர்கள் அவரைத்தான் பேசச் சொன்னார்கள். மூணாறுப் பக்கம் பள்ளிவாசல் தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவர். நல்ல உயரம், சலவைச் சட்டை, எந்தக் கூட்டத்திலும் தனியே கேட்கும் குரல். படிப்பு முடிந்ததும் என் ஊரில் இருவரும் கூட்டாக ஒர்க்‌ஷாப் தொடங்கினோம். கிரீஸ் என் சட்டையில். வாடிக்கையாளர்கள் அவர் பக்கத்தில்.

அப்போதுதான் நாச்சிமுத்துவின் டர்போ டீசல் பிக்கப் வந்தது. மூணாறுக்குத் தேங்காய் ஏற்றிப் போனால் மறையூர் ஏற்றத்தில் இழுவை போய்விடும், கரும்புகை கக்கும். சமதளத்திலோ குதிரை. வேறு இரண்டு இடங்களில் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். டர்போவையே மாற்ற வேண்டும் என்றார் செல்லத்துரை. நான் மறுத்தேன். மேட்டில் காட்டும் நோயை மேட்டில்தான் பார்க்க வேண்டும் என்றேன்.

தேங்காய் மூட்டைகளோடு மூவரும் மறையூர் ரோட்டுக்குப் போனோம். செல்லத்துரை ஓட்டினார். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்த அழுத்த, பானெட்டுக்குள் 'உஸ்' என்று மெல்லிய சத்தம். காலை எடுத்தால் சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தி, சூடு ஆறியதும், டர்போவிலிருந்து இஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ரப்பர் குழாயின் அடிப்புறத்தைத் தடவினேன். விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. குழாயை வளைத்ததும் ஒரு கீறல் வாய் திறந்தது, விட்டதும் மூடிக்கொண்டது. பாரத்தில் காற்றழுத்தம் ஏறும்போது மட்டும் திறக்கிற கீறல். காற்று வெளியே போய்விட்டால் டீசல் எப்படி முழுதாக எரியும்?

"இழுவை போகலீங்க, இழுப்பு வந்திருக்குது," என்றேன். ஆஸ்துமாக்காரர் சும்மா நடந்தால் தெரியாது, படி ஏறினால்தான் தெரியும் என்று விளக்கம் வேறு. நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். என் வாழ்க்கையில் நான் சொன்ன ஒரே நல்ல வசனம் அது.

ஊர் திரும்புவதற்குள் அது கைமாறிவிட்டது. உடுமலையில் டீ குடிக்க நிறுத்தினால், செல்லத்துரை டீக்கடைக்காரரிடம் கையை ஆட்டி அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"டேய், அது நான் சொன்னதுடா."

"நீ சொன்னா எவன்ல சிரிப்பான்? நான் சொன்னா ஊரே சிரிக்கும்ல!"

நாச்சிமுத்து சிரித்தாரே என்று நான் சொல்வதற்குள் அவர் பக்கத்து பெஞ்சுக்காரரிடம் அதையே ஆரம்பித்துவிட்டார்.

பின்னால் பள்ளிவாசலை அடுத்த சித்திரபுரத்தில் சொந்த ஒர்க்‌ஷாப் போட்டுப் பிரிந்து போனபோது வசனத்தையும் எடுத்துப் போனார். இழுவை, இழுப்பு இரண்டுக்கும் மலையாளத்தில் 'வலிவு' என்ற ஒரே சொல் என்பதால் அங்கே அதற்கு மவுசு கூடிவிட்டது. டூரிஸ்ட் வண்டி டிரைவர்கள் அவரைத் தேடிப் போனார்கள். போனவர்களின் வண்டிகள் மலை ஏறின என்பதையும் எழுதத்தான் வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டு, வண்டியை ஒப்படைப்பதற்குள் அதைத் தெரிந்துகொண்டுவிடுகிற திறமை அவருக்கு இருந்தது. எனக்கு அது வாய்க்கவில்லை.

சாவுக்குப் போனேன். வாசலில் ஃப்ளெக்ஸ். சிரித்த முகம், கீழே கொட்டை எழுத்தில், 'இழுவை போகல, இழுப்பு வந்திருக்கு!' யாரையாவது பிடித்து இழுத்து உண்மையைச் சொல்லிவிட வேண்டும் போல் இருந்தது. அதற்குள் அவர் மனைவி என்னைப் பார்த்துவிட்டார்.

"கொழிஞ்சாம்பாறை அண்ணாச்சி வந்துட்டீகளா? ஒரு வண்டில கோளாறு பிடிபடலன்னா உங்களத்தான் ஏசுவாக. 'அந்தப் பயலா இருந்தா இந்நேரம் தடவிப் பாத்துட்டு வீட்டுக்குப் போயிருப்பான்'னு ஸ்பேனரத் தூக்கி எறிவாக. உங்க மேல அவுகளுக்கு அம்புட்டுப் பொறாம, அண்ணாச்சி."

ஊர் முழுக்கப் பேசிய மனிதர், இதை மட்டும் என்னிடம் சொல்லவில்லை.

அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனது அவர் கையாலேயே பராமரித்த ஜீப். செங்குத்தான ஏற்றம், ஆட்கள் வேறு தொற்றிக்கொண்டிருந்தார்கள். பின்னால் நடந்தபடி காது கொடுத்தேன். சின்னதாக ஒரு 'உஸ்' கேட்காதா என்று ஆசையோடுதான் காது கொடுத்தேன். கேட்கவில்லை. புகையும் இல்லை. தேயிலைச் சரிவில் ஒரே மூச்சில் ஏறி, ஜீப் வளைவில் மறைந்தது.

போய் வா, செல்லத்துரை. வசனம் என்னுடையது.