சாய்ப்ரியா மேடம் கொடுத்த மாடல்

பீளமேட்டில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கிறது அந்த அகாடமி. வெளிநாட்டில் எல்.எல்.எம். படிக்கப் போகும் சர்வதேச வழக்கறிஞர்களுக்கு இங்கே சட்ட ஆங்கிலம் கற்றுத்தரப்படும் என்று வாசலில் போர்டு தொங்குகிறது. உள்ளே உட்கார்ந்திருக்கும் சர்வதேச வழக்கறிஞர்கள் எல்லாம் பல்லடம், சூலூர், அன்னூர் பக்கத்து ஆட்கள். அதில் பாதிப் பேர் பாலக்காட்டைத் தாண்டிப் போனதில்லை. போர்டை மாட்டிய கோவிந்தராஜுலுவோ சட்டமும் படித்ததில்லை, வெளிநாடும் பார்த்ததில்லை. முன்பு மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பிறகு ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் நடத்தினார். அதில் கூட்டம் குறைந்ததும் போர்டில் ‘லீகல்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டார். தொழில் மறுபடி சூடு பிடித்துவிட்டது.

இங்கே ஆறு வருஷமாகப் பாடம் நடத்துகிறவள் சாய்ப்ரியா. வயது முப்பத்தொன்பது. இந்த மாடியில் இருக்கும் ஒருவர் மேலும் அவளுக்கு மரியாதை கிடையாது, முதலாளியையும் சேர்த்துத்தான். அதை அவள் மெனக்கெட்டு மறைத்ததும் இல்லை.

பிறந்தது பெரியநாயக்கன்பாளையம். அப்பா பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். சட்டம் படித்துவிட்டு கோயமுத்தூர் கோர்ட்டில் ஒரு பெரிய சீனியரிடம் ஒன்பது வருஷம் ஜூனியராக இருந்தாள். பெரிய சீனியர் என்றால் உருவத்தில் பெரியவர், காரில் பெரியவர். எந்த வழக்குக் கட்டையும் முதல் பக்கத்துக்கு மேல் புரட்ட மாட்டார். பிராது, பதிலுரை, அப்பீல் எல்லாம் சாய்ப்ரியாதான் எழுதுவாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முழங்குவார். டிராஃப்ட் நன்றாக இருக்கிறது என்று நீதிபதி சொன்னால் தானே விடிய விடிய எழுதியதாகத் தலையைச் சாய்த்து ஏற்றுக்கொள்வார். ஒரு அப்பீலில் மட்டும் தன் பெயரையும் வக்காலத்தில் சேர்க்கும்படி அவள் கேட்டாள். “உனக்கெதுக்கு கண்ணு அந்த அலைச்சலெல்லாம்” என்றார். மறுநாளே கறுப்புக் கோட்டை மடித்து வைத்துவிட்டாள். கல்யாணமும் அதே வருஷம்தான் முறிந்தது. இரண்டில் எது முதலில் போனது என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்லுவாள்.

வகுப்பில் அவளுக்குத் தலையாய வேலை, வக்கீல்களின் கையிலிருந்து கோர்ட் பாஷையைப் பிடுங்கி எறிவது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் தாங்கள் யார், எதற்காகப் படிக்க வருகிறோம் என்று இரண்டு பக்கம் சொந்தமாக எழுதி அனுப்ப வேண்டும். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தில் இருக்கிறது. இவர்களோ அதை முன்சீப் கோர்ட்டில் மனுப் போடுகிற மாதிரி எழுதிக்கொண்டு வருவார்கள். பல்லடத்தில் ஆறு கோழிப்பண்ணைக்கு வாரிசான சபரீஷ், மேற்படி மாண்புமிகு பல்கலைக்கழகம் கருணைகூர்ந்து தனக்கு அட்மிஷன் வழங்கி நீதி செய்ய வேண்டும் என்று பிரார்த்தித்து முடித்திருந்தான். சாய்ப்ரியா அதை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தாள்.

“சபரீஷ், அந்த யுனிவர்சிட்டி உங்களுக்கு என்ன அநியாயம் பண்ணுச்சுன்னு நீதி கேக்கறீங்க?”

“நம்ம கோர்ட்ல அப்படித்தானுங்க மேடம் முடிப்போம்” என்றான் அவன், கொஞ்சமும் சங்கடப்படாமல்.

வகுப்பிலிருந்த பன்னிரண்டு பேரில் ரம்ஷா மட்டும் வேறு ரகம். கோட்டைமேட்டுப் பெண், முப்பத்தொரு வயது, ஏழு வருஷமாக வாடகை வழக்குகள் நடத்துகிறவள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுவாள். அவள் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் பிரார்த்தனையும் இல்லை, மாண்புமிகுவும் இல்லை. அத்தா இறந்த மறு வருஷம் அவர்கள் குடியிருந்த இரண்டு அறை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் போட்ட வழக்கு, ஒன்பது வருஷம் இழுத்தது. அம்மா உம்மல் குல்சும் ஒரு வாய்தா விடாமல் போனாள். கோர்ட்டுக்குப் போட்டுக்கொண்டு போகிற மாதிரி ஒரு ஜோடி செருப்பு அவளிடம் இல்லை. பக்கத்து வீட்டுச் செருப்பை இரவல் வாங்கிப் போவாள். அது ஒரு அளவு சின்னது. பெயரைக் கூப்பிட்டு, அடுத்த தேதி சொல்லி அனுப்பியதும் வெளியே வந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள். வாடகைக்குக் குடியிருக்கிறவர்களின் வழக்கை இத்தனை வருஷம் இழுக்க விடும் சட்டத்தைப் படிக்கத்தான் வருகிறேன் என்று ரம்ஷா முடித்திருந்தாள்.

சாய்ப்ரியா அதை இரண்டு தடவை வாசித்தாள். தனக்கு இப்படி எழுத வராது என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று, அது கொஞ்சம் உறுத்தியது. மூன்று கமாக்களைத் திருத்தித் திருப்பிக் கொடுத்தாள். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை மற்றவர்கள் திருத்தி எழுதி வந்ததைப் பார்த்ததும் அவளுக்கு எரிச்சல் தலைக்கேறியது. இத்தனை சொல்லியும் பழைய கஞ்சியையே சூடு பண்ணிக் கொண்டுவந்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்த ரம்ஷாவின் பக்கங்களில் பெயரை மட்டும் அழித்துவிட்டுப் பிரிண்ட் எடுத்து ஆளுக்கு ஒன்றாக வீசினாள். “எழுதறதுன்னா இதுதான். இதை மாடலா வெச்சுக்குங்க” என்றாள். ரம்ஷாவுக்கு அன்றைக்குக் கோர்ட்டில் கேஸ், வகுப்புக்கு வரவில்லை. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடலாமா என்று சாய்ப்ரியாவுக்குத் தோன்றத்தான் செய்தது. பாடம் நடத்துவதற்கெல்லாமா கேட்பார்கள் என்று விட்டுவிட்டாள்.

மாடல் என்ற சொல்லுக்கு இந்த ஊர்க் கோர்ட்டில் என்ன அர்த்தம் என்று அவளை விட யாருக்குத் தெரியும்? சீனியரின் பழைய கட்டு ஒன்றை ஜூனியர் எடுப்பான். அதில் வாதி பெயர், பிரதிவாதி பெயர், ஊர், தேதி, சர்வே நம்பர் மட்டும் மாற்றுவான். மற்றதெல்லாம் எழுத்து பிசகாமல் அப்படியே இருக்கும். பிராது ரெடி. யாரும் அதைக் காப்பி என்று சொல்ல மாட்டார்கள், அதுதான் வேலை. முதல் வருஷம் சாய்ப்ரியாவும் அப்படித்தான் பழகினாள். அந்த வக்கீல்கள் கையில் ஒரு காகிதத்தைக் கொடுத்து மாடல் என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? பெயரை மாற்றி ஃபைல் பண்ணினார்கள்.

மூன்று பேர். சபரீஷ் கோட்டைமேட்டைப் பல்லடமாக்கி, வாடகை வீட்டைக் குத்தகைத் தோட்டமாக்கினான். இன்னோவாவை விட்டு இறங்காத அவன் அம்மா இரவல் செருப்போடு கோர்ட்டுக்கு நடந்தாள். அக்ஷிதா தன் அம்மாவை விட்டுவிட்டுச் சித்தியை நடக்க வைத்தாள். ரவிதேஜா அம்மாவை அப்பாவாக்கி, செருப்பை ஷூவாக மாற்றினான். அந்த ஷூ ஒன்றுதான் அவன் சொந்தச் சரக்கு. மூன்று பேரும் அனுப்பியது ரம்ஷா அனுப்பிய அதே இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கு. ஏனென்றால் அங்கே கட்டணம் முழுதும் விட்டுக்கொடுக்கும் உதவித்தொகை உண்டு என்று வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். அந்த உதவித்தொகை ரம்ஷாவுக்குக் கிடைத்துவிட்டது, உறுதிக் கடிதம் மட்டும் வர வேண்டியிருந்தது. அது இல்லாவிட்டால் அவள் விமான டிக்கெட்டோடு நிற்க வேண்டியதுதான்.

உறுதிக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு மின்னஞ்சல் வந்தது. வகுப்பு முடிந்ததும் ரம்ஷா போனைக் கொண்டுவந்து சாய்ப்ரியாவின் மேஜை மேல் வைத்தாள்.

“இது எனக்கு வந்துச்சுங்க மேடம். படிச்சுப் பாருங்க.”

ஒரே ஊரிலிருந்து வந்த நான்கு விண்ணப்பங்களில் ஒரே கதை, ஒரே வாக்கியங்கள். பத்து நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். இல்லாவிட்டால் இடமும் உதவித்தொகையும் ரத்து.

“நான் யாருகிட்டயும் காட்டலீங்க. உங்ககிட்ட மட்டும்தான் குடுத்தேன்.”

“நான்தான் குடுத்தேன்” என்றாள் சாய்ப்ரியா. “கிளாஸ்ல. மாடலுக்காக.”

ரம்ஷா போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். “எங்கம்மாவுக்கே தெரியாதுங்க, நான் அந்தச் செருப்பைப் பத்தி எழுதுனது” என்றாள். பிறகு, “நடந்ததை நடந்தபடி ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க மேடம். அது போதும்.”

“நாளைக்கு வாங்க. குடுத்தர்றேன்.”

அவள் போனதும் சாய்ப்ரியா சபரீஷைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினாள். அவன் முழுவதையும் பணிவாகக் கேட்டுக்கொண்டான்.

“நீங்கதானுங்க மேடம் மாடல்னு குடுத்தீங்க. பேரு, ஊரு எல்லாம் மாத்தித்தானுங்க போட்டேன். எங்காச்சும் மாத்தாம உட்டுப்போட்டனுங்களா?”

இவனிடம் பேசுவதற்கு அவனுடைய கோழிகளிடம் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு அவனை அனுப்பினாள்.

கோவிந்தராஜுலு விஷயத்தைக் கேட்டுப் பதறவில்லை. அவர் எதற்கும் பதற மாட்டார். காபி வரவழைத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

“லெட்டர் தாராளமாக் குடுங்க அம்மணி. வேண்டாங்கல. அந்தப் புள்ளகிட்டக் கேட்டுட்டுத்தான் கிளாஸ்ல குடுத்தோம்னு ஒரு வரி மட்டும் சேத்திப் போடுங்க. இல்லீன்னா நாளைக்கு நீங்க எழுதற எந்த ரெகமண்டேசனையும் அந்த யுனிவர்சிட்டிக்காரன் மதிக்க மாட்டானுங்க. உங்க ஆறு வருசமும் போச்சு, என்ற சென்டரும் போச்சு.”

“அவகிட்ட நான் கேக்கலைங்க.”

“கேட்டிருந்தா சரின்னுதானுங்க சொல்லியிருக்கும். தங்கமான புள்ள.”

காயில் கட்டின கையால் சட்டம் சொல்லிக்கொடுக்கிறாயா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். காபியைத் தொடாமல் எழுந்து தன் அறைக்குப் போனாள். கடிதத்தை எழுதினாள். ரம்ஷாதான் அசல், மற்ற மூவரும் நகல் என்று ஒளிவு மறைவில்லாமல் எழுதினாள். மூன்றாவது பத்தியில், மாணவியின் சம்மதத்தோடுதான் வகுப்பில் கொடுக்கப்பட்டது என்று அந்த ஒரு வரியையும் சேர்த்தாள். கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோவிந்தராஜுலுவின் வார்த்தை தன் வாயில் வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

மறுநாள் மத்தியானம் கோர்ட்டிலிருந்து நேராக ரம்ஷா வந்தாள். கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தாள். மூன்றாவது பத்தியில் கண் நின்றது.

“என்கிட்டக் கேட்டீங்கன்னு இருக்குதுங்களே.”

“அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டிக்கு.”

“நீங்க கேக்கலீங்க மேடம்.”

“உங்க மேல தப்பில்லைன்னு தெளிவாப் போட்டிருக்கேன் ரம்ஷா. இந்த ஒரு வரியால உங்களுக்கு ஒண்ணும் வராது.”

ரம்ஷா கடிதத்தை மேஜை மேல் வைத்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தாள். குரல் உயரவே இல்லை.

“நான் சரின்னு சொல்லியிருந்தா, அவங்க காப்பி அடிக்கறதுக்கு நானே தூக்கிக் குடுத்தாப்ல ஆயிருமுங்க. அப்புறம் நாலு பேரும் ஒரே கூட்டுத்தானே? என்னை மட்டும் எதுக்கு அவங்க உள்ள விடணும்?”

சாய்ப்ரியா கடிதத்தைத் தன் பக்கம் திருப்பி அந்த வரியைப் பார்த்தாள்.

“இதை எழுதறப்ப இது உங்களுக்குத் தெரியுமுங்களா?”

ஒன்பது வருஷம் பிராது எழுதினவளுக்கு ஒரு வரி யாரைக் காப்பாற்றும், யாரைக் கவிழ்க்கும் என்று தெரியாமல் இருக்குமா? நேற்று எழுதும்போதே தெரியும். தெரிந்துதான் அந்தப் பக்கம் யோசிக்காமல் இருந்தாள். இந்த மாடியில் தன்னைத் தவிர எல்லோரும் பித்தலாட்டக்காரர்கள் என்று ஆறு வருஷமாக நினைத்திருந்தவள், அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள்.

“தெரியும்” என்றாள்.

அந்த வரியை எடுத்துவிட்டு, கேட்காமல் கொடுத்தேன், அது என் தவறு என்று அடித்தாள். பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். ரம்ஷா அதை மறுபடி முதல் வார்த்தையிலிருந்து படித்தாள், எதிர்த்தரப்பு வக்கீல் நீட்டும் அஃபிடவிட்டைப் படிப்பதைப் போல, ஒரு வரி விடாமல்.

அந்தக் கடிதத்தால் ரம்ஷாவின் இடமும் உதவித்தொகையும் நிலைத்தன. செப்டம்பரில் அவள் விமானம் ஏறினாள். கொஞ்ச நாள் ஓய்வெடுங்க அம்மணி என்று கோவிந்தராஜுலு சாய்ப்ரியாவை மிகுந்த மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் நாற்காலியில் அக்ஷிதாவை உட்கார வைத்தார். இதெல்லாம் நடக்கும் என்று கையெழுத்துப் போடும்போதே சாய்ப்ரியாவுக்குத் தெரியும். அதற்கு அவள் தயாராகத்தான் இருந்தாள்.

அவள் தயாராக இல்லாதது வேறொன்று. அன்றைக்கு ரம்ஷா கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள், பையைத் தோளில் மாட்டினாள், கதவைத் திறந்தாள். இந்தப் பக்கத்தில் சண்டைக்கார வீட்டிலிருந்து கிளம்பினாலும் வாரேனுங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்கள். சாய்ப்ரியா அதற்காகக் காத்திருந்தாள். கீழே பேக்கரி வாசலில் ரம்ஷாவின் ஸ்கூட்டர் கிளம்புகிற சத்தம் கேட்டது.