ஆறு சரணமும் பதினொரு பிள்ளைகளும்

பிள்ளைகளுக்குத் தேவபாட்டு எழுதுகிறவனுக்கு மேலதிகாரிகள் நிறைய; அத்தனை பேரும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த வேலையில் அகப்பட்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

முதல் நாள் பாட்டுப் பழக்கத்துக்குக் கோயில் விறாந்தையில் இருந்தவர்கள்: பிள்ளைகள் பதினொன்று, சிஸ்டர், ஆர்மோனியக்காரர், நான். வெளியே பூவரசுக்குக் கீழே, பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தகப்பன்மார் நாலு பேர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கிழிந்த வலை பொத்துவது தொழில். வலைக்கண் எண்ணிப் பழகிய கை, அடிக்குச் சொல்லையும் எண்ணிக் கட்டும். நாலு பேருக்கு முன்னால் பாட மட்டும் ஏலாது.

இந்தத் திருநாளுக்கு, யேசு படகில் நித்திரையாக இருந்தபோது புயல் வந்து, சீடர்கள் கூப்பிட அவர் எழும்பி அதை அடக்கிய கதையை ஆறு சரணமாக எழுதிக்கொண்டு போனேன். பூசை நீளும் என்று சிஸ்டர் மூன்றை எடுத்துவிட்டார். அவர் எடுத்த மூன்றும் எனக்குப் பிடித்தவை.

பொன்மீன்

முதல் சரணத்தில் "பொன்மீன் துள்ளும் நீலக்கடல்" என்று போட்டிருந்தேன். முன்வரிசையில் இருந்த ஆறு வயது டிலானி கையை உயர்த்தினாள். பொன்மீன் என்ன விலை போகும் என்று கேட்டாள். அப்படி ஒரு மீன் சந்தைக்கு வருவதில்லை, பாட்டில்தான் வரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் மற்றப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

தீர்ப்பு அவளே சொன்னாள்: "ஓரா எண்டு போடுங்கோ அப்பு. ஓரா எண்டால் குத்தும், எல்லாருக்கும் தெரியும்."

பூவரசுக்குக் கீழே

எனக்குத் தெரிந்த மெட்டு கரைவலை இழுக்கிறபோது பாடுகிற மெட்டு ஒன்றுதான். அதிலேயே பாட்டைக் கட்டியிருந்தேன். பிள்ளைகள் ஒரு அடி பாடி மூச்சு வாங்கிய இடத்தில், வெளியே இருந்து "ஏலேலோ" என்று பதில் வந்தது. வலை இழுக்கும்போது ஒருவர் அடி எடுத்தால் மற்றவர்கள் பதில் கொடுப்பது வழக்கம். தகப்பன்மாருக்கு அது வாயில் ஊறிப்போனது. அடுத்த அடிக்கும் வந்தது.

சிஸ்டர் வெளியே போய், பீடத்துக்கு முன்னால் இந்தச் சத்தம் வரக் கூடாது என்றார். நாலு பேரும் எழுந்து நின்றார்கள். மூத்தவரான யூட் சாரத்தை இறக்கிவிட்டுக்கொண்டு சொன்னார்: "வாய் பாடேல்லை சிஸ்டர், கைதான் பாடினது."

ஸ்ரெலா

இரண்டாம் சரணம் ஸ்ரெலாவுக்கு, தனிக்குரலில். எட்டு வயது. அந்தக் குரலை நினைத்துத்தான் எழுதினேன்.

காற்று வந்தது, கடல் எழுந்தது,
படகில் அவரும் இருந்தார்;
ஒரு சொல் சொன்னார், காற்று நின்றது,
அலைகள் எல்லாம் அடங்கின.

இரண்டாம் அடி வரைக்கும் பாடுவாள். பிறகு வாயை மூடிக்கொண்டு நிலத்தைப் பார்ப்பாள். மூன்று நாளும் அப்படித்தான். மறந்துபோகிறாளாக்கும் என்று சிஸ்டர் வேறு பிள்ளைக்குக் கொடுக்க நினைத்தார். திருநாளுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. போன மாரியில் ஸ்ரெலாவின் தகப்பன் கடலுக்குப் போனவர். எழுவைதீவுப் பக்கம் படகு மட்டும் ஒதுங்கியது. அவருடைய வலையைப் பொத்திக் கொடுத்தவன் நான். எழுதும்போது இது எனக்கு நினைவில் வரவில்லை.

பக்கத்தில் போய் இருந்து, அந்த அடிகள் பிடிக்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்: "எங்கட அப்பாவும் கூப்பிட்டிருப்பார்தானே?"

சுருவில் ரீச்சர்

அந்தக் கேள்வியோடு சுருவிலுக்கு பஸ் ஏறினேன். அங்கே திரேசம்மா ரீச்சர் என்னைவிட அதிக காலம் பிள்ளைகளுக்குப் பாட்டெழுதியவர். ஒருமுறை செம்மறிக்குட்டிப் பாட்டு எழுதிக் கொடுக்க, பிள்ளைகள் முழுப் பாட்டிலும் வெள்ளாடு மாதிரிக் கத்தினார்களாம். அன்றையிலிருந்து எழுதுமுன் பிள்ளைகளை விசாரிப்பாராம். தேத்தண்ணீர் தந்து, ஸ்ரெலாவின் கதையைக் கேட்டு, சரணத்தைக் கண்ணாடி போட்டு இரண்டு தரம் வாசித்தார். கடைசி இரண்டு அடிகளையும் பென்சிலால் வெட்டினார். பாட்டு அரைகுறையாக நிற்குமே, கணக்கு இடிக்குமே என்றேன்.

"நிக்கட்டும். படகில அவர் இருந்தவர் எண்டதை அந்தப் பிள்ளை பாடும். மிச்சத்தை நீரும் நானும் சொல்ல ஏலாது."

திருநாள்

ஓரா வந்த சரணத்தைப் பதினொரு பேரும் பாடினார்கள். பிறகு ஸ்ரெலா ஒரு அடி முன்னுக்கு வந்தாள். நான் தூணுக்குப் பின்னால் நின்று விரல்விட்டு அடி எண்ணிக்கொண்டிருந்தேன். "படகில் அவரும் இருந்தார்" என்று முடித்து நிறுத்தினாள். வெட்டின இடம் வெறுமையாகக் கிடந்தது. ஆர்மோனியக்காரர் கையை எடுத்துவிட்டார்.

அப்போது பின்வரிசை வாங்கில் இருந்து யூட் மிகத் தணிவாக "ஏலேலோ" என்று பதில் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவர்களும் கொடுத்தார்கள். ஸ்ரெலாவின் தகப்பனோடு ஒரே வலை இழுத்தவர்கள். சிஸ்டர் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்ரெலா அந்த அடியை இன்னொரு தரம் பாடினாள். அவர்கள் இன்னொரு தரம் பதில் கொடுத்தார்கள். மூன்றாம் சரணத்தை எந்தப் பிள்ளையும் எடுக்கவில்லை. நானும் சைகை காட்டவில்லை.

பூசை முடிந்து வாசலில் ஸ்ரெலா என் கையைப் பிடித்தாள். "அப்பு, அப்பாவின்ர ஆக்கள் எல்லாரும் பாடினவை."

ஆறு சரணத்தோடு போனவனுக்குக் கடைசியில் மிஞ்சியது ஒன்றரை. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை.