எங்கள் பார்வர்டு லைன்

போன வாரம் ஆவடியில் மின்சார ரயில் ஏறினேன். எதிர் இருக்கையில் இரண்டு இளைஞர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஒரே செல்போனில் தலையோடு தலை முட்டி ஏதோ வெளிநாட்டுக் கால்பந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பிடித்த அணி போலிருக்கிறது. கோலுக்குப் பக்கத்தில் போய்ப் போய்க் கோட்டைவிட்டுக்கொண்டிருந்தது. திருமுல்லைவாயல் தாண்டும்போது ஒருவன் போனைத் தொடையில் குப்புறக் கவிழ்த்துவிட்டுச் சொன்னான்: "இவனுங்களால ஆவாது மாமே. மொத்த பார்வர்டு லைனையும் தூக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. இதே வார்த்தையை, இதே எரிச்சலோடு, எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்டவன் நான். ஆனால் அம்பத்தூரில் இறங்கும்போது அந்தச் சிரிப்பு இல்லை. பிளாட்பாரத்துப் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கியர் கம்பெனியில் சேர்ந்தேன். வந்தவாசிப் பக்கத்து ஆள் நான். எங்கள் ஊரில் கால்பந்து கிடையாது. சேர்ந்த புதிதில், சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனி ஆட்கள் விளையாடும்போது என்னையும் இழுத்துவிட்டார்கள். பலங்கொண்ட மட்டும் உதைத்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. என் ஷூ பறந்துபோய் கேன்டீன் வாசலில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் விழுந்தது. அன்றோடு நான் ரசிகன் ஆனேன். ஆட்டத்துக்கும் எனக்கும் அதுதான் நல்லது.

அந்தக் காலத்துத் தோல் பந்துக்கு ஒரு வாசனை உண்டு. விளக்கெண்ணெய் தடவி, கம்பெனி வாசலில் செக்யூரிட்டி அறை ஜன்னலில் காயவைப்பார்கள். விளக்கெண்ணெய் வாசனை என்றால் உங்களுக்கெல்லாம் வயிற்றுச் சமாசாரம்தான் ஞாபகம் வரும். எனக்கு அயனம்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டியிருந்த மைதானம் ஞாபகம் வரும். புல் கிடையாது. ஒரு பக்கம் முள்வேலி, ஒரு பக்கம் யாரோ செங்கல் அடுக்கி மறந்துபோன மனை, ஏரிப் பக்கத்தில் ஒரு கோல். அந்தக் கோலுக்கு மேலே போகிற பந்து நேராகத் தண்ணீரில் விழும். எங்கள் ஆட்கள் அடிக்கிற பந்து பெரும்பாலும் அங்கேதான் விழுந்தது. "கோல் போஸ்ட்ட புடுங்கி ஏரியில நட்டுடுங்கப்பா, நாமதான் சாம்பியன்" என்று கரையிலிருந்து யாராவது சொல்வார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சொல்வார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் சிரிப்போம்.

நாங்கள் மோசமான அணி இல்லை. அதுதான் வேதனை. பின்னால் நிற்பவர்கள் மலை மாதிரி. கோல்கீப்பர் கையில் பிசின் தடவியதுபோல ஒட்டிக்கொள்ளும் பந்து. எதிரியைக் கோல் அடிக்க விடமாட்டோம். நாங்களும் அடிக்கமாட்டோம். முன்வரிசையில் மூன்று பேர்: இடது ஓரத்தில் இஸ்மாயில், வலது ஓரத்தில் பாபு, நடுவில் தனசேகர். "மூணு தூண்" என்று பெயர் வைத்திருந்தார்கள், நட்ட இடத்திலேயே நிற்பதால். டெம்பரரி ஆட்கள் அந்த மூவரும். நன்றாக விளையாடுவார்கள் என்று எடுத்து, ஜெயித்தால் நிரந்தரம் செய்கிறோம் என்று வாயால் சொல்லி வைத்திருந்தார்கள்.

ரசிகர்களுக்குத் தலைவர் பவுண்டரி மூர்த்தி அண்ணன். பக்கத்துப் பாடியில் வீடு. எங்கள் கம்பெனியிலேயே இரும்பு வார்க்கிற பவுண்டரியில் மணல் அச்சு செய்கிற வேலை. கைவிரல் இடுக்கிலும் காதிலும் எந்நேரமும் கருப்புத் தூள். பத்து ஒலிபெருக்கிக்குச் சமமான தொண்டை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை கத்திவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் சைகையில்தான் பேசுவார்; புதன்கிழமைதான் குரல் திரும்பும். அவர் திட்டுவதைக் கேட்கவே பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். பந்து தனசேகரிடம் போகும், மூர்த்தி அண்ணன் எழுந்துவிடுவார்.

"எடது காலு, எடது காலு... டேய், எடது கால இன்னாத்துக்குடா வச்சிகினு கீற, செருப்பு போடவா?"

தனசேகர் வலது காலுக்கு மாற்றுவான். அதற்குள் யாராவது பந்தைப் பறித்திருப்பார்கள்.

தனசேகரும் நானும் ஒரே பிரிவு. அவன் உலைக்கு முன்னால். தட்டுத் தட்டாகக் கியர்களை உள்ளே தள்ளுவான், சிவந்தபின் இழுத்து எண்ணெயில் இறக்குவான். அவை ஆறியபின் எவ்வளவு கடினம் ஏறியிருக்கிறது என்று சோதிக்கிற மேசை என்னுடையது. உலைக்காரர்களுக்குக் கம்பெனியில் உப்பு மாத்திரை கொடுப்பார்கள், வியர்வையில் உப்பெல்லாம் போய்விடும் என்று. அவன் அதை மிட்டாய் மாதிரிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே பேசுவான். வியாசர்பாடிப் பையன். அங்கே சந்துக்குச் சந்து பந்துதான் என்பான். வாயாடியும் இல்லை, ஊமையும் இல்லை, கேட்டால் பேசுவான்.

முன்பிருந்த மேனேஜர் ஆட்டக்காரர்களை மதியமே பயிற்சிக்கு விட்டுவிடுவார். புதிதாக வந்தவர் அதை நிறுத்திவிட்டார். முழு ஷிப்டும் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு, வெயில் தாழ்ந்தபின் மைதானத்துக்கு ஓடுவான் தனசேகர். ஞாயிற்றுக்கிழமைக்குள் கால் தேறாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், மூர்த்தி அண்ணனுக்கும் தெரியும். ஆனால் கரையில் உட்கார்ந்துவிட்டால் யாருக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது? பந்து உள்ளே போகவேண்டும், அவ்வளவுதான்.

"எப்படிடா அந்த நேரத்துல கோட்டைவிடற?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பந்து வர்றதுக்கு முன்னாடி சத்தம் வந்துடுது மச்சான்," என்றான். "சத்தத்த நிறுத்திட்டு பந்தப் பாக்கறதுக்குள்ள அது போயிடுது."

அவன் குறையாகச் சொல்லவில்லை. மழை வந்தது, நனைந்தேன் என்பதுபோலச் சொன்னான்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸ் அணியோடு ஒரு ஆட்டம். அந்த ஊரே திரண்டு வந்திருந்தது; பாலக்காட்டுக்காரர்களும் திருநெல்வேலிக்காரர்களும் அவரவர் பாஷையில் கத்தினார்கள். நாங்கள் கரையில். கைக்குழந்தையோடு ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்தாள், நிற்க இடமில்லை. மூர்த்தி அண்ணன் எழுந்து தன் துண்டை விரித்து, "இங்க குந்தும்மா, புள்ளைக்கு வெயிலு படாது," என்று தன் நிழலில் உட்கார வைத்தார். வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். குழந்தையின் கன்னத்தில் அவர் விரல் பட்ட இடத்தில் கருப்பு ஒட்டியதைப் பார்த்து, அவரே முந்தானை நுனியால் துடைக்கச் சொன்னார்.

அன்றைக்கு, ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற எங்கள் பெர்சனல் ஆபீசரும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

ஆட்டம் ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே தனசேகருக்குக் காலியான கோல் கிடைத்தது. கீப்பர் விழுந்து கிடந்தான். குழந்தை தட்டினாலும் போகும் பந்து. கம்பத்துக்கு வெளியே போனது.

மூர்த்தி அண்ணனுக்கு வெறி வந்துவிட்டது. தனசேகரின் பிறப்பை, வளர்ப்பை, அவன் சாப்பிட்ட சோற்றை எல்லாம் இழுத்தார். எழுத முடியாத வார்த்தைகள். கடைசியாக, "இவன கட்டிகினவ எந்த ஜென்மத்துல இன்னா பாவம் பண்ணாளோ," என்றார். கரையெல்லாம் சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்தே ஒரு கோஷம் கிளம்பியது: மாத்து, மாத்து, பார்வர்டு லைனை மாத்து. அது ஏறிக்கொண்டே போயிற்று. ஆபீசர் தலையைத் திருப்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பெண் தலை குனிந்து குழந்தையின் சட்டைப் பித்தானைப் போட்டாள், கழற்றினாள், போட்டாள்.

ஆட்டம் முடிந்து தனசேகர் கரையேறி வந்தான். முழங்காலில் ரத்தம். மூர்த்தி அண்ணன் அடுத்த வரிக்கு வாயெடுத்தார். அவன் அவரைத் தாண்டி வந்து, அந்தப் பெண்ணின் மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினான்.

"வெயில்ல ரொம்ப நேரம் கீறியா?" என்று கேட்டான்.

"இல்ல. அண்ணன் நெழல்ல குந்த வச்சாரு," என்றாள் அவன் மனைவி மேகலா. துண்டை உதறி, மடித்து, மூர்த்தி அண்ணனிடம் நீட்டினாள்.

அவர் அதை வாங்கியது எனக்கு இன்னும் தெரிகிறது. இரண்டு கையாலும் வாங்கினார். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை மிதிக்கவில்லை. வாவின் பஸ் ஸ்டாப் வரைக்கும் உருட்டிக்கொண்டே வந்தார். நானும் பக்கத்தில் நடந்தேன்.

அதற்கப்புறம் ஆட்டத்துக்கு வருவார், திட்டமாட்டார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலில் நிற்பதுபோல நிற்பார். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் ஏமாந்துபோய் வருவதை நிறுத்தினார்கள். மற்றவர்கள் மட்டும் 'மாத்து, மாத்து' என்று கத்திக்கொண்டிருந்தார்கள், முன்னைவிட உரக்க.

ஒருநாள் கேன்டீன் வரிசையில் தனசேகரே அவரிடம் போனான்.

"அண்ணாத்தே, இன்னா சத்தத்தையே காணோம்?"

"வயசாயிட்ச்சி நைனா."

"நீ திட்டு அண்ணாத்தே. அவங்கல்லாம் போவச்சொல்லிக் கத்தறாங்கோ. நீ ஒருத்தன்தான் எந்தக் கால்ல அடிக்கணும்னு சொன்ன."

மூர்த்தி அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சரி," என்றார். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அவருக்கு வாய் வரவில்லை. ஆட்டத்தில் பாதி நேரம் கரைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தான் தனசேகர்.

பிறகு நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். தொழிலாளர்களே அணியின் ஆட்டத்தில் அதிருப்தி தெரிவித்திருப்பதால், இந்தப் பருவத்தோடு கால்பந்து அணி கலைக்கப்படுகிறது. நாங்கள் போர்டு முன்னால் கும்பலாக நின்று படித்தோம். "ஆள மாத்துன்னுதானே சொன்னோம், டீமையே யார் எடுக்கச் சொன்னா?" என்று ஒருவர் கேட்டார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. சங்கத்திலிருந்து போய்ப் பேசினார்கள். ஆபீசர் நாற்காலியில் சாய்ந்து, "நானே காதால் கேட்டேனே," என்றாராம்.

கடைசி ஆட்டத்துக்கு யாரும் வரவில்லை என்றே சொல்லலாம். கலைந்துபோகிற அணியைப் பார்க்க யாருக்கு மனசு வரும்? மூர்த்தி அண்ணனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை பவுண்டரியில் வேலை போட்டுவிட்டார்கள். உருகிய இரும்பை விட்டுவிட்டு வரமுடியாது. நானும் இன்னும் சில பேரும்தான் கரையில்.

இரண்டாம் பாதியில் இஸ்மாயில் இடது ஓரமாக ஓடி ஒரு பந்து போட்டான். சாதாரணப் பந்துதான். தனசேகர் அதை நெஞ்சில் வாங்கினான். அது கீழே இறங்குகிறவரை காத்திருந்தான். சத்தமே இல்லை, முள்வேலியில் காற்று அடிக்கிற ஓசைகூடக் கேட்டது. வலது காலுக்கு மாற்றவில்லை. இடது காலால், தரையோடு தரையாக, கீப்பர் இந்தப் பக்கம் நிற்க அந்தப் பக்க மூலைக்கு அடித்தான். அவ்வளவு அழகான கோலை அதற்குப் பிறகு நான் டிவியில்கூடப் பார்த்ததில்லை. உங்களுக்கு மிகையாகத் தோன்றலாம், போகட்டும்.

அவன் குதிக்கவில்லை. ஓடிப்போய் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து வந்து நடுவில் வைத்தான். பிறகு கரையைப் பார்த்தான், மூர்த்தி அண்ணன் வழக்கமாக நிற்கிற இடத்தை. நாங்கள் கைதட்டினோம். அந்தத் திறந்த வெளியில் எங்கள் கைதட்டல் ஏதோ கல்லில் துணி தப்புவதுபோலக் கேட்டது. அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

மறுநாள் காலை பவுண்டரிக்குப் போய் மூர்த்தி அண்ணனிடம் சொன்னேன். அச்சுப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்தக் கால்ல?"

"எடது கால்லண்ணே."

"எடது கால்லயா..." கண்ணைத் துடைத்துக்கொண்டார், முகமெல்லாம் கருப்பாயிற்று. "இன்னொரு தபா சொல்லு நைனா. மொதல்லருந்து."

முதலிலிருந்து சொன்னேன். கேட்டுவிட்டு, போர்மேனிடம்கூடச் சொல்லாமல் எங்கள் பிரிவுக்கு வேகவேகமாக நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். உலைக்கு முன்னால் வேறொரு ஆள் தட்டைத் தள்ளிக்கொண்டிருந்தான். பார்வர்டு ஆட்கள் மூவரையும், இனி வேலை இல்லை என்று காலையிலேயே கேட்டில் நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். மூர்த்தி அண்ணன் அந்தப் புது ஆளையே பார்த்துக்கொண்டு நின்றார். "யாரு வேணும்ணே?" என்று அவன் கேட்டான். "யாருமில்ல," என்றார்.

அந்த வாரமே நாங்கள் இருவரும் வியாசர்பாடி போனோம். சந்துக்குச் சந்து பந்துதான், அவன் சொன்னது பொய்யில்லை. வீட்டைக் கண்டுபிடித்தோம். பூட்டியிருந்தது. மாமனார் ஊருக்குப் போய்விட்டார்கள், சித்தூர்ப் பக்கம், என்றார்கள். ஊர்ப் பெயர் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. மூர்த்தி அண்ணன் குழந்தைக்கென்று வாங்கிவந்த கவுனைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். அது போய்ச் சேர்ந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பிறகு கம்பெனியே கைமாறியது, பவுண்டரியை மூடினார்கள். மைதானத்தில் அடுக்குமாடி வந்தது. இரும்பு வாசனை வீசிய தெருவில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள், வாசலில் வாடகைக் கார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான், நான் அழவில்லை.

மூர்த்தி அண்ணனை மட்டும் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்றபின் அவருக்கு நெஞ்சில் மணல்தூள் படிந்து, பேச்சு வெறும் மூச்சாகிவிட்டது. நான் போனால் காப்பி வரும், மருமகள் நலம் விசாரிப்பாள், அவள் உள்ளே போனதும் அவர் என் கையைத் தொடுவார். நான் ஆரம்பிப்பேன்: இஸ்மாயில் ஓடினான், நெஞ்சில் வாங்கினான், காத்திருந்தான். எந்தக் கால் என்கிற இடம் வரும்போது அவரே தன் இடது தொடையைத் தட்டிக்கொள்வார்.

அவர் போய்ப் பல வருடம் ஆகிறது. அந்தக் கோலை நான் மறக்கவில்லை. இன்றைக்கும் ஒரு அடி பிசகாமல் சொல்வேன். இன்னொரு தபா சொல்லு என்று கேட்கத்தான் ஆள் இல்லை.