விரிய மறுத்த வால்யூம்

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு உருக்காலையின் யூனிக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒருநாள் காலை, ஆலையின் ஃபைல்கள் எல்லாம் இருக்கும் வால்யூம், அதாவது டிஸ்க்கில் அவற்றுக்கென ஒதுக்கிய இடம், நிரம்பிவிட்டது. யாராலும் எதையும் சேவ் செய்ய முடியவில்லை. புது டிஸ்க்கிலிருந்து இடம் எடுத்து வால்யூமைப் பெரிதாக்கினேன். கமாண்ட் சரியாக ஓடியது. ஆனால் அளவைப் பார்த்தால் பழையபடி நூறு சதவீதம். அடச்சே!

வால்யூம் பெரிதானால் மட்டும் போதாது, அதற்குள் ஃபைல்களை அடுக்கிவைக்கும் ஃபைல் சிஸ்டமும் பெரிதாக வேண்டும். எங்கள் பழைய சர்வரில் அதற்கு ஒரு கமாண்ட் கொடுத்து வால்யூமைக் கழற்றி, விரித்து, திரும்ப மாட்டித்தான் ஆக வேண்டும். கழற்றப் போனால், யாரோ அதைப் பயன்படுத்துவதால் பிஸி, பிஸி என்று முரண்டு பிடித்தது. எல்லாரையும் லாக் அவுட் செய்யச் சொல்லி ஏற்கெனவே ஃபோனில் கத்தியிருந்தேன். இன்னும் ஒரே ஒருவர் உள்ளே இருந்தார். தேடிப் பார்த்தால், இரும்பைச் சோதிக்கும் லேபின் டெர்மினல்.

அந்த இணைப்பை வெட்ட ஒரு வரி போதும். அடித்தும்விட்டேன், எண்டர் தட்டுவதுதான் பாக்கி. ஆனால் திட்டாமல் தட்டினால் எனக்கு ஆறாதே! லேபில் ரீடிங் ஏற்றும் பெண்ணுக்கு ஃபோன் போட்டேன்.

"இன்னாமா, எத்தினி வாட்டி சொல்றது? காது கேக்கலையா?"

"ஐயோ அண்ணா, கட் பண்ணிடாதீங்க. காலைலேர்ந்து அடிச்சது எதுவும் சேவ் ஆவல. துண்டெல்லாம் ஒலைக்குப் போயிட்ச்சி."

எண்டர் தட்டாமல் அந்த வரியை அழித்தேன். எங்கள் லேபில் ரீடிங்கைத் தாளில் எழுதும் வழக்கமே கிடையாது. சோதித்த இரும்புத் துண்டின் மேலேயே சாக்பீஸால் எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் ஏற்றியதும் துண்டு திரும்ப உலைக்குள் போய் உருகிவிடும். இப்போது அந்த ரீடிங்குகள் அவள் திரையில் மட்டும்தான் இருந்தன.

பழவேற்காட்டுப் பெண், காண்டிராக்டில் வேலை, நிறைமாதம். மறுநாளிலிருந்து பிரசவ விடுப்பு. ஏதாவது கோளாறு வந்தால் திரும்ப வேலைக்குச் சேர்க்கமாட்டேன் என்று காண்டிராக்டர் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும். லேபுக்கு ஓடினேன்.

மணி இரண்டரை. டிபன் பாக்ஸ் திறக்காமல் கிடந்தது. வீங்கிய கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சாப்டலையா?"

"நான் ஏந்து போனா யார்னா வந்து கைய வச்சிடுவாங்கண்ணா. பாத்ரூம் கூடப் போவல."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவளையா திட்டினேன்? அவள் திறந்து வைத்திருந்த எடிட்டரில், இடம் இருந்த வேறொரு வால்யூமின் பெயரைக் கொடுத்து சேவ் செய்தேன். ஏற்றுக்கொண்டது. பிறகு அவளை லாக் அவுட் செய்து பாத்ரூமுக்கு அனுப்பிவிட்டு, அதே டெர்மினலிலிருந்து வால்யூமைக் கழற்றினேன். சத்தமில்லாமல் வந்தது. ஃபைல் சிஸ்டத்தை விரித்து மாட்டினேன். பாதிக்குமேல் காலி. அவள் ஃபைலையும் அங்கே கொண்டுவந்து வைத்தேன்.

"நெஜமா எல்லாம் கீதாண்ணா?" திரும்பி வந்தவளுக்கு நம்பிக்கை வரவில்லை.

"கீதும்மா. நான் படிக்கிறேன், நீ மொதல்ல சாப்டு."

முதல் வரியிலிருந்து படித்தேன். கார்பன் இவ்வளவு, மாங்கனீஸ் இவ்வளவு. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியபடி மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டாள். கடைசி வரி வந்ததும் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அழுதாள்.

சர்வர் என்னாயிற்று என்று கேட்க மேனேஜர் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் மீதிச் சோற்றையும் சாப்பிடட்டும் என்று மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.