பையோடு நடப்பவர்

கட்டடக்கலை படிக்கிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கட்டடத்தை வரைந்தால் மட்டும் போதாது, அதற்குள் ஆட்களையும் நடமாட விட வேண்டும். ஆள் இல்லாத படத்தைப் பார்த்தால், "என்ன, ஊரையே காலி பண்ணிட்டியா?" என்பார்கள் ஆசிரியர்கள். ஆளை வரைய எங்களில் பாதிப் பேருக்கு வராது. அதனால் போட்டோக்களிலிருந்து ஆட்களை வெட்டியெடுத்துக் கணினியில் ஒட்டுவோம். இணையத்தில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள், ஆனால் எல்லாரும் வெள்ளைக்காரர்கள். முதல் வருடம் ஓமலூருக்காக நான் வடிவமைத்த சின்னச் சந்தைக்கூடத்தில் கோட்டுப் போட்ட ஒரு பெண் நாயோடு நடந்துகொண்டிருந்தாள். "இந்தம்மாவுக்கு ஓமலூர்ல எந்தத் தெரு?" என்று கேட்டார் என் ஆசிரியர். வகுப்பே சிரித்தது.

அந்தக் கோபத்தோடு, படிப்பை முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்த ஐந்தாம் வருடத்து அக்கா ஒருவரிடம் போய் நின்றேன். அவர் தன் பென் டிரைவிலிருந்து ஒரு ஃபோல்டரைக் கொடுத்தார். பெயர் 'நம்ம ஆளுங்க'. உள்ளே அறுபது எழுபது பேர், எல்லாரும் சேலம் நாமக்கல் பக்கத்து ஜனங்கள். கூடை தூக்கிய பெண்கள், வேட்டியை மடித்துக் கட்டியவர்கள், குடையை ஊன்றி நிற்கும் ஒரு பெரியவர். பின்னணி முழுவதும் நீக்கப்பட்டு, வெறும் ஆட்கள். யார் எடுத்தது, எங்கே எடுத்தது என்று நான் கேட்கவில்லை. கிடைத்ததே பெரிது என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதில் பதினான்காம் எண் ஆள் எனக்குப் பிடித்துப்போனது. நாற்பது வயது மதிக்கலாம். நீலக் கட்டம் போட்ட சட்டை, வேட்டி. ஒரு தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும். படத்தின் இடது ஓரத்தைப் பார்த்து நடப்பார். எந்தக் கட்டடத்தில் விட்டாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பொருந்தினார். குறை என்று சொன்னால் கை ஒன்றுதான். உடம்பை விட்டு விலகியிருந்த அந்தக் கையின் விரல்கள் எதையோ பிடித்தாற்போல் மடங்கியிருந்தன. வெட்டியவர் அவசரத்தில் வெட்டியதால் விரல் இடுக்கில் வேறு ஏதோ நிறம் பிசிறாக ஒட்டியிருந்தது. அதை மறைக்க ஒரு மஞ்சள் பையை வரைந்து அவர் கையில் கொடுத்தேன். இரண்டு நிமிட வேலை.

அதற்குப் பிறகு அவர் இல்லாமல் நான் எதையும் வரையவில்லை. ஆட்டையாம்பட்டியில் நெசவாளர்களுக்காக யோசித்த சமுதாயக்கூடத்தில் அவர் நடந்தார். மேலே விடுதியும் கீழே கடைகளுமாக நான் வரைந்த பேருந்து நிலையத்திலும் நடந்தார். எதுவும் கட்டப்படாது, மாணவர் வரைந்ததை யார் கட்டுகிறார்கள்?

ஐந்தாம் வருடத் தீசிஸுக்கு மல்லசமுத்திரம் பக்கம் ஒரு சந்தைத் திடலை எடுத்துக்கொண்டேன். கீழே கடைகள், மேலே கல்யாணம் காதுகுத்துக்கு ஒரு கூடம், மாடியில் படிப்பகம், பின்பக்கம் லாரி ஆட்களும் போர்வெல் போடும் ரிக் வண்டி ஆட்களும் படுத்தெழ ஓர் அறை. ஊர்க்காரர்களிடம் காட்டிக் கருத்துக் கேட்டு வா என்று கல்லூரியில் சொன்னார்கள். சந்தை நாளில் நான் வரைந்த எட்டு ஷீட்டுகளை எடுத்துப்போய்த் திடலின் சுற்றுச்சுவரில் வரிசையாக ஒட்டினேன்.

கருத்துக்குப் பஞ்சமில்லை. கக்கூஸ் சமையற்கட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்றார் ஒருவர். ஆட்டை எங்கே கட்டுவது என்றார் இன்னொருவர். கூடத்துப் படி இவ்வளவு செங்குத்தாக இருந்தால் பந்தியில் சாப்பிட்டவன் எப்படி இறங்குவான் என்று ஒரு தாத்தா கேட்டார், குறித்துக்கொண்டேன். ஆனால் எல்லாரும் முதலில் கட்டடத்தைப் பார்க்கவில்லை, அதிலிருந்த ஆட்களைத்தான் உற்றுப் பார்த்தார்கள். தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று தேடினார்கள்.

மூன்றாவது ஷீட்டின் முன்னால் ஒரு பெண் நெடுநேரம் நின்றிருந்தார். நாற்பதை ஒட்டிய வயது. காய் வாங்கிய பையைக் காலடியில் வைத்துவிட்டு நின்றார். வெயில் ஏறி எல்லாரும் நிழலுக்குப் போன பிறகும் நகரவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"ஏனுங்க கண்ணு, இவுங்க ஒடம்புக்குள்ள தூணு தெரியுதே, அது ஏனுங்க?"

நாங்கள் ஆட்களைக் கணினியில் பாதி மங்கலாக்கிவிடுவோம். கட்டடம் மறையக் கூடாது என்பதற்காக. அதைச் சொன்னேன்.

"அப்ப இவுங்கெல்லாம் உசுரோட இருக்கறவுங்களா, இல்லீங்களா?"

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். அவர் விரல் பதினான்காம் எண் ஆளின் மேல் இருந்தது.

"இது எங்கூட்டுக்காரருங்க" என்றார்.

ரிக் வண்டியில் வேலை பார்த்தவராம். ஆறு வருடத்துக்கு முன்னால் வடக்கே போன வண்டி மகாராஷ்டிராவில் நின்றபோது, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று இறங்கியவர் திரும்பவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்து, கோயில் கோயிலாகக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். குழாய் விழுந்து அந்தத் தோள் இறங்கியதாம். அதை வைத்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார்.

"கொழுந்தனார் மகளுக்குச் சம்பந்தம் அமையலீங்க. செத்தவனுக்குக் காரியம் பண்ணாம ஊட்ல எதும் நடக்காதுன்னு ஜோசியரு சொல்லீட்டாரு. வர்ற ஆடி அமாவாசைக்கு நாள் குறிச்சாச்சு. பண்ணீட்டா நான் தாலியக் கழட்டோணும், பொட்ட அழிக்கோணும். உசுரோட இருக்கறவருக்கு எப்படிங்க அழிக்கறது?" குரல் கொஞ்சமும் உயரவில்லை. "இந்தச் சட்டை எங்கூட்ல இருந்ததில்லீங்க. இது எங்க எடுத்த போட்டோ, எப்ப எடுத்தது, அத மட்டும் சொல்லுங்க சாமி. எனக்கு அது போதும்."

அமாவாசைக்கு மூன்று வாரம் இருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்று அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது அவர் திரும்பி ஷீட்டைப் பார்த்து, "ஆனா இவரு கையில பை புடிக்கவே மாட்டாருங்க. சந்தைக்கு வந்தாலும் நாந்தான் புடிக்கோணும்" என்றார்.

சேலம் வரும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். நான்கு வருடமாக அந்த மனிதரை என் இஷ்டத்துக்கு அங்குமிங்கும் ஒட்டியிருக்கிறேன். சின்னதாக்கி, பெரிதாக்கி, திருப்பிப் போட்டு. அவருக்கு ஒரு வீடு இருக்கும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

மறுநாள் கல்லூரியில் பழைய ஷீட்டுகளை அடுக்கி வைத்திருக்கும் அறையைத் திறக்கச் சொல்லி ஒவ்வொன்றாக உருவிப் பார்த்தேன். ஃபோல்டர் என்னிடம் மட்டுமா இருந்தது? யாரோ வரைந்த நூலகத்தில் அவர் இருந்தார். முதியோர் இல்லத்தில் இருந்தார். கடைகளும் வீடுகளும் கலந்த ஐந்து மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் துணி காயும் இடத்தில் இருந்தார். பட்டப்பகல், வெளியே பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள், எனக்கோ அடுத்த ஷீட்டைப் பிரிக்கப் பயமாக இருந்தது. நான் வரைந்த பையைப் பிடித்துக்கொண்டு சிலவற்றில், வெறுங்கையாகச் சிலவற்றில், எல்லாவற்றிலும் அவர் ஓரத்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார். எனக்கு இரண்டு வருடம் மூத்தவன் ஒருவன் மின்மயானம் வடிவமைத்திருந்தான். அதன் வாசலில் மட்டும் அவர் வலப்பக்கமாகத் திருப்பப்பட்டு, உள்ளே நுழைந்துகொண்டிருந்தார். அதோடு அறையைப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன்.

ஃபோல்டர் கொடுத்த அக்கா பெங்களூரில் வேலையில் இருந்தார். போன் செய்தேன். "அதுவா, மேச்சேரி ஆட்டுச் சந்தையில நானே எடுத்தது. என் தீசிஸ் அங்கதான்" என்றார். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி, நான்கு நாள் கழித்து முழுப் போட்டோவை அனுப்பினார். எடுத்த தேதி அதிலேயே இருந்தது. பதினான்காம் எண் ஆள் காணாமல் போனதற்கு இரண்டு வருடம் பிந்தைய தேதி. அப்படியானால் உயிரோடுதான் இருந்திருக்கிறார். சந்தோஷத்தில் போனைக் கையிலெடுத்துவிட்டேன். அழைப்பதற்கு முன் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

அவர் கை பிடித்திருந்தது ஒரு பெண்குழந்தையின் கையை. ரெட்டைச் சடை, ரோஸ் நிறக் கவுன். விரல் இடுக்கில் நான் பார்த்த பிசிறு அந்தக் குழந்தையின் விரல்கள்.

இரண்டு நாள் போன் செய்யவில்லை. பிறகு எனக்கு நானே ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். வெட்டியெடுத்த ஆளை மட்டும் காட்டி, இடத்தையும் தேதியையும் சொல்லிவிடுவது. அவர் கேட்டது அவ்வளவுதானே. கோழைத்தனத்துக்கு நல்ல பெயர் வைப்பதில் நான் கெட்டிக்காரி.

மல்லசமுத்திரம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். இடத்தையும் தேதியையும் சொன்னேன். அவர் கண்ணை மூடித் தாலியைத் தொட்டுக்கொண்டார். முகம் மலர்ந்தது. எனக்கும் ஒரு நிமிடம் நிம்மதியாக இருந்தது.

"மேச்சேரிக்கு எத்தன பஸ் மாறோணும்?"

"சேலம் போய் அங்கேருந்து ஒண்ணு. ரெண்டுதான் அக்கா."

"ரெண்டு பஸ்ஸு" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். "முழுப் போட்டோவக் காட்டுங்க கண்ணு."

"இதுதான் அக்கா இருக்கு."

"பை புடிச்ச கை அப்படி இருக்காதுங்க. பை கீழ இழுக்கும். இவரு கை இழுக்கவே இல்ல. நானும் பத்து நாளா அதையேதான் நெனச்சுட்டிருக்கறேன். காட்டுங்க."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். அவர் அழுவார் என்று நினைத்தேன். கிட்டத்தில் குனிந்து குழந்தையை மட்டும் பார்த்தார், துணிக்கடையில் சேலையைப் பார்ப்பது போல அவ்வளவு கவனமாக.

"அதே நெத்தி" என்றார். பிறகு, "இந்தப் புள்ளைக்கு அஞ்சு வயசிருக்குமுங்களா?"

"இருக்கும்."

"அவரு போயி அப்ப ரெண்டு வருசந்தானே ஆச்சு."

வெளியே திருச்செங்கோடு பஸ் வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது. அவர் லேப்டாப்பை மெல்ல என் பக்கம் திருப்பி வைத்தார்.

"காரியம் நடக்கட்டுமுங்க. அதுக்கொரு படம் வேணும், எங்ககிட்ட கல்யாணப் போட்டோ ஒண்ணுதான் இருக்குது, அதுல நானும் நிக்கறேன். நீங்க செவுத்துல ஒட்டுனீங்கல்ல, அதையே பெருசாப் போட்டுக் குடுங்க."

"பை?"

"பை இருக்கட்டும்."

"தூண் தெரியறதைச் சரி பண்ணிடட்டுமா அக்கா?"

"அதும் இருக்கட்டும்."

நடுவில் தீசிஸுக்கு மதிப்பெண் போடும் ஜூரி வந்தது. எட்டு ஷீட்டுகளிலிருந்தும் ஆட்கள் அத்தனை பேரையும் எடுத்துவிட்டேன். கட்டடத்தில் உயிரே இல்லை என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். ஃபோல்டரையும் அழித்தேன். ஆனால் அதற்குள் எனக்குக் கீழே மூன்று வகுப்புகளுக்கு அது போயிருந்தது.

அமாவாசையன்று படத்தை எடுத்துக்கொண்டு மல்லசமுத்திரத்து அக்கா வீட்டுக்குப் போனேன். எங்கள் முஸ்லிம் வீடுகளில் இறந்தவர் படத்தை மாட்டும் வழக்கம் கிடையாது. சேலத்தில் அத்தாவின் கடைக்கு எதிர்க்கடையில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கும், சின்ன வயதில் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டேன். இப்போது நானே ஒன்றைச் செய்து, சட்டம் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு ஆட்டையாம்பட்டி வழியாக வந்திருந்தேன்.

கொழுந்தனார் தர்ப்பையில் ஓர் ஆள் உருவம் செய்து அதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார். சொந்தங்கள் அழுதார்கள். உண்மையான அழுகை. அந்த நேரத்தில் படத்தில் இருந்தவர் மேச்சேரியில் எங்காவது டீ குடித்துக்கொண்டிருக்கலாம், அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடத்தில் இருக்கலாம். இது அங்கே தெரிந்தது இரண்டே பேருக்கு. தாலியை அவிழ்க்கப் பெண்கள் அக்காவை உள்ளே கூட்டிப்போனபோது, பிடித்த கைகளை விலக்கிவிட்டுத் தானே நடந்து போனார்.

படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். மஞ்சள் பையோடு அவர் நடந்துகொண்டிருந்தார், நெஞ்சுக்குள் என் தூண் தெரிந்தது. அக்கா நெற்றியில் ஒன்றும் இல்லாமல் வெளியே வந்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். தூரத்துச் சொந்தம் போலிருந்த ஒரு அம்மா படத்தின் அருகே குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பின்னணியைப் பார்த்தார்.

"எந்த ஊரு மண்டபமுங்க இது? நம்ம பக்கம் பாத்த மாதிரி இல்லியே."

"அது இன்னும் கட்டலீங்க" என்றார் அக்கா. பிறகு என் பக்கம் கையைக் காட்டி, சேலத்துக்குப் போக வேண்டிய பிள்ளை, முதலில் இலை போடுங்கள் என்று உள்ளே குரல் கொடுத்தார்.